வடக்குச் சுவரடியில் ஆறு கற்கள்

"மே 14, சனி. இன்று ஒரு சின்னத் தவறு. பாழடைந்த தேவாலயத்தைப் படமெடுக்க இடைஞ்சலாக இருந்ததால், வடக்குச் சுவரடியில் வரிசையாகக் கிடந்த ஆறு வெள்ளைக் கற்களை ஓரமாகக் குவித்து வைத்தேன். பதிவு செய்பவள் எதையும் நகர்த்தக் கூடாது."

அயர்லாந்தின் மேயோ கடற்கரைச் சாலையோரம் நிறுத்தியிருந்த காரில் இதை எழுதிய டெர்வ்லா, பழைய கட்டடங்களைப் பதிவு செய்யக் கற்கும் மாலை வகுப்புக்கு இது போதுமா என்று சந்தேகப்பட்டு, காரிலேயே காத்திருந்த அப்பா ஃபின்டனுக்கு வாசித்துக் காட்டினாள்.

"இன்னிக்கு மூணாவது இடிஞ்ச சுவரு. உன் வாத்தியாரு உன்னைக் கொத்தனாரா ஆக்காம விடமாட்டாரு" என்று முதலில் சிரித்தவர், கற்கள் என்றதும் ரொட்டியைக் கீழே வைத்தார்.

"எல்லாத்தையுமா நகர்த்திட்ட?"

"ஆமாப்பா. ஏன்?"

"ஞானஸ்நானம் ஆகாம செத்த குழந்தைங்கம்மா அதுங்க. அப்பல்லாம் ஊர்க் கல்லறையில இடம் தரமாட்டாங்க. அதுல ஒண்ணு என் தம்பி. மூலையிலேருந்து மூணாவது கல்லுன்னு எங்கப்பா எனக்கு மட்டும் காட்டினாரு."

"என்கிட்ட ஏன்பா சொல்லல?"

"வீட்டுல யாரும் பேசினதில்ல. நானும் பேசாமலே இருந்துட்டேன்."

டெர்வ்லா செல்பேசியைத் துழாவினாள். நகர்த்துவதற்கு முன் எடுத்த ஒரே படத்தில், மூன்றாவது கல் இருந்த இடத்தைக் காஞ்சொறிச் செடி மறைத்திருந்தது. அப்பா அதை வெகுநேரம் பார்த்துவிட்டுக் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவள் குறிப்பேட்டைத் திறந்து எழுதினாள்: "இன்று வெளிச்சம் மங்கிவிட்டது. நாளை காலை ஏழு மணிக்கு அப்பாவோடு திரும்பிப் போய், கற்கள் கிடந்ததால் புல் வெளுத்துப்போன இடங்களைத் தேடி, ஆறு கற்களையும் பழையபடி வைக்க வேண்டும்."