அத்தான் மெதுவாகப் பேசிய பதினொரு நாள்

அக்கா அந்த டேப் ரெக்கார்டரைப் போர்வையில் சுற்றிக் கடல் தாண்டிக் கொண்டுவந்தாள். துணிமணியில் பாதியை அங்கேயே விட்டுவிட்டாள்.

"இது நூத்திப்பத்து வோல்ட் மிஷின். இங்க இருநூத்தி முப்பது. வோல்ட்டைக் குறைக்கிற பெட்டி ஒண்ணு வாங்கினப்புறம்தான் போடணும். அதுவரைக்கும் கை வெச்சிடாத" என்று வந்த அன்றே சொன்னாள்.

கூடவே எட்டு டேப் சுருள்கள் வந்தன. எல்லாம் அத்தான் பேசியவை. அவர் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் அக்கா ஆஸ்பத்திரி வேலையில் இருப்பாள். சீட்டு எழுதிவைக்கச் சோம்பல்பட்டு, சொல்ல வேண்டியதை மைக்கில் பேசிவிட்டுப் போவாராம். அவர் நோயில் இறந்து இரண்டு வருடமாகிறது. அங்கே இருந்தவரை அவற்றைப் போட்டுக் கேட்க அக்காவுக்குத் தைரியம் வரவில்லை.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. ஒருவர் தன் மனைவியிடம் தனியாக எப்படிப் பேசுவார் என்று கேட்க வேண்டும் போலிருந்தது. என் வீட்டில் அந்த மாதிரிப் பேச்சு நின்று வெகுகாலமாகிறது. அதைப் பொறாமை என்று அப்போது நான் நினைக்கவில்லை.

அக்கா சித்தி வீட்டுக்கு இரண்டு நாள் போயிருந்தாள். அவள் செல்போன் சார்ஜருக்கு மாட்டும் அடாப்டரை எடுத்து, மிஷினின் பிளக்கில் செருகி, சுவரில் நேராகச் சொருகினேன். முனை பொருந்தியதும் எல்லாமே பொருந்திவிட்டதாக நினைத்தேன். மீட்டரின் முள் ஒரு முறை துள்ளியது. பிறகு கருகிய நாற்றம்.

மெக்கானிக் மூடியைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "மேடம், சார்ஜர் எந்த வீட்டுச் சாப்பாடும் சாப்பிடும். இது அப்படி வளர்ந்த பிள்ளை இல்ல."

எரிந்ததை மறுநாளே மாற்றிக் கொடுத்தார். வோல்ட்டைக் குறைக்கும் பெட்டியையும் அவரிடமே வாங்கினேன். கிளம்பும்போது சொன்னார்: "இன்னொண்ணு இருக்கு. அங்க கரண்ட் செகண்டுக்கு அறுபது தடவை துடிக்கும், இங்க அம்பதுதான். இந்த மோட்டார் அந்தத் துடிப்பைப் பாத்துத்தான் சுத்தும். பெட்டி வோல்ட்டைத்தான் குறைக்கும், இதை மாத்தாது. டேப் மெதுவாத்தான் ஓடும், குரலும் இறங்கிடும். வேகம் கூடணும்னா மோட்டார்ல பெரிய புல்லிச் சக்கரம் கடைஞ்சு போடணும். ரெண்டு வாரம் குடுங்க."

"ஓடினாப் போதும்" என்றேன். புல்லி என்று வாயெடுத்தால், மிஷினை ஏன் திறந்தார்கள் என்று அக்கா கேட்பாள்.

பெட்டியைப் பார்த்ததும் அக்கா என்னைக் கட்டிக்கொண்டாள். "என் தங்கம்டி நீ." அந்த அணைப்புக்குள் நான் மரக்கட்டையாக நின்றேன்.

"பால் தீந்துபோச்சு. உன் செருப்புல ஒண்ணுதான் கண்ணுல படுது. இன்னொண்ணு கோவிச்சுக்கிட்டுப் போயிடுச்சா?" என்றார் அத்தான், முதல் சுருளில். அக்கா சிரித்தாள், அழுதாள். இரண்டாவது சுருளில் நெற்றியைச் சுருக்கினாள்.

"இவர் பொரிஞ்சு தள்ளுவாரே. ஏன் இப்படி இழுத்து இழுத்துப் பேசறார்?"

"ரொம்ப நாளாச்சில்லக்கா. உனக்கு மறந்திருக்கும்."

சொன்ன வாய் என்னுடையதுதான். அவருடைய குரலை அவளே மறந்துவிட்டாள் என்று அவளிடமே சொன்னேன்.

அதன்பின் அவள் சிரிக்கக் கேட்கவில்லை. தினமும் மேஜையில் உட்கார்ந்து, சுருள்களின் மேல் அத்தான் எழுதியிருந்த தேதிகளை ஒரு தாளில் வரிசையாக எழுதினாள். தட்டில் வைத்தது வைத்தபடி இருந்தது. பதினொன்றாம் நாள் அந்தத் தாளை என் பக்கம் நகர்த்தினாள்.

"பாரு. நோய் இருக்குன்னு கண்டுபிடிக்கறதுக்கு மூணு வருஷம் முன்னாடி பேசினது. அப்பவே மனுஷனுக்கு முடியல. ஒவ்வொரு வார்த்தையையும் தூக்கித் தூக்கி வெக்கறார். எப்போலேர்ந்துன்னு டாக்டர் கேட்டப்ப, ஒரு மாசமாத்தான்னு சொன்னேன். நான் ஆஸ்பத்திரியில வேலை பாத்தவடி. வீட்டுல இருந்த மனுஷனைப் பாக்கலியே."

"அக்கா, அது மிஷின்."

"என்ன மிஷின்?"

எல்லாவற்றையும் சொன்னேன். அடாப்டர், நாற்றம், மெக்கானிக், புல்லி. அத்தான் பேச்சைக் கேட்க ஆசைப்பட்டதையும். சொல்லும்போது என் குரலும் இழுத்தது.

"அப்போ அவருக்கு அன்னிக்கு ஒண்ணும் இல்ல" என்றாள், மெல்ல. முகத்தில் ஏதோ தளர்ந்தது.

"ஒண்ணுமில்லக்கா. நல்லாத்தான் இருந்திருக்கார்."

"உனக்கு எப்போ தெரியும்?"

"முதல்லேர்ந்தே."

தாளை நாலாக மடித்தாள். மெக்கானிக்கின் நம்பரைக் கேட்டு வாங்கினாள். மிஷினை அதே போர்வையில் சுற்றினாள். நான் ஒரு முனையைப் பிடிக்கப் போனேன்.

"வேணாம். நானே தூக்கிக்கறேன்." கதவருகில் நின்றாள். "கேக்கணும்னு சொல்லியிருந்தா உனக்குப் போட்டுக் காட்டியிருப்பேண்டி. பக்கத்துல உக்காந்து கேட்டிருக்கலாம்."

மூன்று மாடி இறங்க வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் அவள் அதைத் தரையில் வைப்பதும், மூச்சு வாங்குவதும், மறுபடி தூக்குவதும் கேட்டன. கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு, அவள் தெருவுக்குப் போய்ச் சேரும்வரை நின்றேன்.