பதினேழாம் இலக்கத் தோட்டத்தில் ஒரு வில்லா

2019ஆம் ஆண்டு மார்ச் மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, எசன் நகரின் தெற்கு விளிம்பில் நானூற்று முப்பது வருடங்களாக அசையாமல் நின்ற வில்லா வைடன்காம்ப், பதினொரு சென்ரிமீற்றர் தெற்கே நகர்ந்தது. அன்று மழையும் இல்லை, காற்றும் இல்லை. முதலில் கவனித்தவர் அங்கே துப்புரவும் கோப்பியும் பார்க்கிற ஜசிந்தா. வடக்கு வாசற்படியால் ஏறும்போது பக்கத்தில் நட்டிருந்த சைக்கிள் கம்பியைப் பிடித்துக்கொள்வது அவர் வழக்கம். அன்று விரல் நுனிதான் பட்டது. கம்பியை யாரோ தள்ளி நட்டுவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போய்த் தளம் துடைத்தார்.

அந்த வில்லாவைக் கட்டியவர் ஒரு துணி வியாபாரி. இத்தாலிக்கு ஒரேயொரு தடவை போய்வந்த மயக்கம் அவருக்குக் கடைசிவரை தெளியவில்லை. தூண்கள், சங்கு வடிவ மாடங்கள், கூரையின் உட்புறத்தில் கொழுத்த தேவதூதர்கள் என்று எதையும் விடவில்லை. பிறகு அது தானியக் களஞ்சியமாகவும், பெண்கள் பள்ளிக்கூடமாகவும், பல்வைத்தியர் சங்கத்தின் ஓய்வு விடுதியாகவும் இருந்து, கடைசியில் கனடாப் பல்கலைக்கழகம் ஒன்றின் கைக்கு வந்தது. அவர்கள் அதில் மறுமலர்ச்சிக்கால மௌன ஆய்வு மையத்தை நிறுவினார்கள். பதினாறாம் நூற்றாண்டு மனிதர்கள் பேசாமல் இருந்தபோது என்ன நினைத்தார்கள் என்பதே ஆய்வு. அதற்காகத் திங்கள் முதல் வெள்ளிவரை பேசினார்கள். இயக்குநர் பேராசிரியர் பெம்பர்ட்டன் ரொறன்ரோவில் இருந்து புறப்படும்போது ஒரு டாக்டர் பட்டத்தோடுதான் புறப்பட்டார். இங்கே கதவுப் பலகைகளில் சிலர் இரண்டு போட்டிருப்பதைக் கண்டு, ஒரு வருடத்துக்குள் தானும் இரண்டாவதை எடுத்துவிட்டார். ஜசிந்தாவின் தம்பியும் ரொறன்ரோவில்தான் இருக்கிறான். அவனுக்கு ஒரு பட்டமும் இல்லை.

வீடு நகர்வதற்கு ஒரு கணக்கு இருந்தது. சாதாரணக் கருத்தரங்குக்கு இரண்டு சென்ரிமீற்றர். வெளியூர்ப் பேராசிரியர் வந்தால் பதினைந்து. ஒரு துணைப் பீடாதிபதியின் தொடக்கவுரைக்கு அரை மீற்றர் போனது. நில அளவையாளர்கள் முக்காலியோடு வந்து அளந்து, ஓம், நகர்கிறதுதான் என்று உறுதிப்படுத்தினார்கள். அவர்களிடம் இருந்த படிவத்தில் இடித்தலுக்கும் விரிவாக்கலுக்கும் கூரை மாற்றலுக்கும் பகுதிகள் இருந்தன. நடத்தலுக்கு இல்லை. கூரை மாற்றல் என்று பதிந்துவிட்டுப் போனார்கள். மின்சாரக்காரர்கள் நீளமான வயர் போட்டுக் கொடுத்தார்கள். வீடு விட்டுப்போன இடத்தில் புல் முளைத்தது. பெம்பர்ட்டன் மட்டும் வீடு நகரவில்லை, ஐரோப்பாதான் வடக்கே போகிறது என்று அறுநூறு பக்கத்தில் நிறுவினார். அந்தப் புத்தகத்துக்கு மூன்று வெளியீட்டு விழாக்கள் நடந்தன. ஒரு மீற்றர் இருபது.

இதனால் யாருக்கும் நட்டமில்லை, ஜசிந்தாவைத் தவிர. வில்லாவின் தெற்கு மதிலுக்கு அப்பால் நகரத்துச் சனங்கள் குத்தகைக்கு எடுத்து மரக்கறி நடும் சிறுதோட்டக் காலனி இருக்கிறது. அதில் பதினேழாம் இலக்கத் துண்டு அவருடையது. பதினொரு வருடம் காத்திருப்போர் பட்டியலில் கிடந்து கிடைத்தது. பச்சை மிளகாய், பயற்றங்காய், வல்லாரை, ஒரு பாகற்பந்தல். வெயில் காலத்தில் அவரும் கணவர் யோசப்பும் அங்கேதான் இருப்பார்கள். பாண் தொழிற்சாலையில் முப்பது வருடம் நின்ற யோசப்புக்கு, மாவு மணக்காத காற்று அந்தத் துண்டில்தான் கிடைத்தது.

2023 ஜூன் மாதம் மூன்று நாள் மாநாடு வைத்தார்கள். அறுபத்து நான்கு கட்டுரைகள். முதல் நாள் மதில் வழிவிட்டது. மூன்றாம் நாள் நிறைவுரையில் வில்லாவின் தெற்குச் சுவர் பதினேழாம் துண்டுக்குள் நான்கு மீற்றர் வந்து, பாகற்பந்தலில் பாதியின் மேல் ஏறி நின்றது. அடுத்த கிழமை காலனித் தலைவர் பிரெட்ஷ்னைடரிடமிருந்து கடிதம் வந்தது. தங்கள் துண்டில் உள்ள கட்டடம் அனுமதிக்கப்பட்ட இருபத்து நான்கு சதுர மீற்றரை மீறுகிறது. ஆகஸ்ட் 28ஆம் திகதிப் பரிசோதனைக்கு முன் அகற்றப்படாவிட்டால் குத்தகை ரத்தாகும். தேவதூதர்கள் பற்றித் தனியாக எழுதப்படும்.

"வீட்டை நான் தூக்கிக்கொண்டு வந்து வைச்சனானோ?" ஜசிந்தா கடிதத்தை ஆட்டினார்.

"இஞ்சரும், ஆர் வைச்சதெண்டு அவங்கள் கேக்கேல்லை. ஆற்றை துண்டிலை நிக்குதெண்டுதான் கேக்கிறாங்கள்," என்றார் யோசப்.

வீடு ஏன் நகர்கிறது என்பது ஜசிந்தாவுக்கு எப்போதோ தெரியும். கோப்பித் தட்டோடு பின்னால் நிற்பவருக்கு வேறென்ன வேலை. பேச்சாளர் "வேறு விதமாகச் சொன்னால்" என்று தொடங்கும் போதெல்லாம் கோப்பைகளில் கோப்பி பேச்சுப் பீடத்தின் பக்கம் சாய்ந்து தளும்பும். பீடம் மண்டபத்தின் வடக்குச் சுவரோடு இருந்தது. வீடு அதைவிட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஓடும்போது பீடத்தையும் சேர்த்தே கொண்டு ஓடியதால், வாலில் தகரம் கட்டிய நாய்போல அதற்கு விடிவே இல்லை.

பெம்பர்ட்டனிடம் போய், பீடத்தைத் தெற்குச் சுவரோடு வைத்தால் வீடு திரும்பிப் போய்விடும் என்றார். அவர் விரல் நுனிகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு கேட்டார். மிக ஆழமான உருவகம் என்றார். உருவகமில்லை, பாகற்காய் என்றார் ஜசிந்தா. பீடத்தை இடம் மாற்றத் தளபாடக் குழு கூட வேண்டும், அது நவம்பரில்தான் கூடும், ஆகஸ்ட்டில் எல்லோரும் விடுமுறை என்று பதில் வந்தது. வெளியார் மண்டபத்தை எடுத்தால் மட்டும் அவர்கள் விருப்பப்படி தளபாடத்தை வைக்கலாம். ஜசிந்தா அதைப் பிடித்துக்கொண்டார். ரூர் ஆற்றோரத் தமிழ் மன்றத்தின் வெள்ளிவிழாவுக்கு மண்டபம் கேட்டார். ஆண்டறிக்கையில் 'சமூகத் தொடர்பு' என்ற பகுதி நான்கு வருடமாக வெறுமையாகக் கிடந்ததால், பெம்பர்ட்டன் படிக்காமலே கையெழுத்து வைத்தார்.

"ஆர் தலைமை?" என்று கேட்டார் யோசப்.

"கனகலிங்கம் அண்ணை."

யோசப் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். "கவனமப்பா. வீடு பேர்லினுக்குப் போயிடும்."

கனகலிங்கத்தை அறியாத தமிழர் எசனில் இல்லை. டுசல்டோர்ஃபில் ஒரு கல்யாணத்தில் அவர் வாழ்த்துரை தொடங்கினார். பொம்பிளையும் மாப்பிள்ளையும் தேனிலவுக்குப் போய்த் திரும்பி வந்தபோது அவர் "இறுதியாக" என்று சொல்லிக்கொண்டு நின்றார்.

பரிசோதனைக்கு இரண்டு நாள் முன், சனிக்கிழமை விழா. பத்து மணிக்கு என்று அழைப்பிதழில் இருந்ததால் பதினொன்றரைக்குத் தொடங்கியது. பீடம் தெற்குச் சுவரோடு வைக்கப்பட்டிருந்தது. யோசப் அளவு நாடாவோடு தோட்டத்தில் நின்றார். அகவணக்கம் செய்த ஒரு நிமிடத்தில் யாரும் பேசவில்லை. அப்போது தூண்களில் இருந்து நீண்ட பெருமூச்சு ஒன்று வந்ததைச் சபையில் முன்வரிசை முழுவதும் கேட்டது. பிறகு வரவேற்புரைக்கு இருபது சென்ரிமீற்றர், ஆசியுரைக்கு முப்பத்தைந்து, வாழ்த்துரைகள் ஐந்துக்கும் சேர்த்து ஒரு மீற்றர். ஒன்றரை மணிக்குக் கனகலிங்கம் தலைமையுரைக்கு எழுந்தார். சங்க காலத்தில் தொடங்கினார். வீடு நன்றாகவே போனது. மூன்று மணிக்கு ஆட்டிறைச்சி றோல்ஸின் வாசம் மண்டபத்துக்குள் வந்தது. சபை நெளிந்தது. கனகலிங்கம் முதன்முறையாகச் சபையின் முகத்தைப் பார்த்து இரங்கி, "இறுதியாக" என்றார். அன்று அவர் அதை உண்மையாகவே சொன்னார்.

ஜசிந்தாவின் தொலைபேசி அதிர்ந்தது. "இன்னும் ஒண்டரை மீற்றர் உள்ளுக்கை நிக்குது," என்றார் யோசப். "திங்கள் வந்து பூட்டைப் போட்டிடுவாங்கள். அவரை இருக்க விடாதையும்!"

தமிழ் விழாக்களில் பேச்சாளருக்குத் துண்டுக் கடதாசி அனுப்புகிற வழக்கம் உண்டு. 'சுருக்கவும்' என்று எழுதி, மடித்து, பணிவாகப் பீடத்தில் வைப்பார்கள். மன்றச் செயலாளர் அப்படி ஒன்றோடு எழுந்துவிட்டார். ஜசிந்தா கோப்பித் தட்டோடு குறுக்கே போய் அவரை மறித்து, கடதாசியைப் பறித்து, மறுபக்கத்தில் எழுதித் தானே கொண்டுபோய் வைத்தார். கனகலிங்கம் அதைப் பிரித்தார். முப்பது வருடமாக இந்தத் துண்டுகளைப் படித்துப் பழகியவர். இந்த முறை எழுதியிருந்தது: அண்ணை, காணாது. இன்னும் பேசுங்கோ.

இரண்டு தடவை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார். கடதாசியை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"அன்பான சபையோரே," என்றார். "இனித்தான் விசயத்துக்கு வாறன்."

வீடு இரண்டு மீற்றர் பாய்ந்தது. பின்வரிசைக் கதிரைகள் நான்கு சரிந்தன, கூரையில் ஒரு தேவதூதர் பக்கம் மாறிப் படுத்தார். அதன் பிறகும் கனகலிங்கம் நாற்பது நிமிடம் பேசினார். அவர் அதைவிட நன்றாகப் பேசியதில்லை என்று றோல்ஸ் ஆறிப்போனவர்களே ஒப்புக்கொண்டார்கள். சைக்கிள் கம்பியைத் தாண்டி வாசற்படி வீதி ஓரத்துக்கு வந்தபோதுதான் யோசப் ஓடிவந்து ஒலிவாங்கிக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்தினார்.

திங்கட்கிழமை பிரெட்ஷ்னைடர் நாடாவோடு வந்தார். பதினேழாம் துண்டில் அரைப் பந்தலும், நான்கு மீற்றர் அகலத்துக்குத் தட்டையான நிலமும் இருந்தன. 'மண் சிறப்பாகச் சமப்படுத்தப்பட்டுள்ளது' என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். செப்டெம்பரில் பெம்பர்ட்டன் திரும்பி வந்து, யன்னலால் பார்த்து, ஐரோப்பா மனம் மாறிவிட்டது என்று இரண்டாம் பாகம் எழுதத் தொடங்கினார்.

இப்போது கல்வியாண்டு முழுவதும் பேராசிரியர்கள் பீடத்தைப் பழையபடி வடக்குச் சுவரோடு வைத்து வில்லாவைத் தெற்கே அனுப்புகிறார்கள். ஆகஸ்ட்டில் தமிழ் மன்றம் அதை வடக்கே கொண்டுவந்து விடுகிறது. பனிக்காலத்தில் சுவரின் வெக்கையில் வல்லாரை பட்டுப்போகாமல் நிற்பதால், ஜசிந்தா மாசி மாதத்தில் வெளியூர்ப் பேச்சாளர்களுக்கு இரண்டாவது கோப்பியும் ஊற்றுகிறார். பஸ் தரிப்பிடத்தில் ஒட்டியிருக்கும் வரைபடத்தில் அந்த வீடு இரண்டு இடங்களில் குறிக்கப்பட்டிருக்கிறது, ஒன்று குளிர்காலத்துக்கு, மற்றது கோடைக்கு. வழி தவறியதாக இதுவரை யாரும் முறையிடவில்லை.