காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு

ட்ரூடிக்கு அடுத்தவர் விஷயம் என்றால் மூக்கில் வியர்த்துவிடும். இங்கிலாந்தின் மோர்கம்ப் ஊரில், கடற்கரைக்குப் பின்தெருவில் பார்லர் வைத்திருப்பவளுக்கு அதுகூட இல்லாவிட்டால் எப்படி? தலையைக் கொடுப்பவர்கள் கதையையும் சேர்த்தே கொடுத்துவிட்டுப் போவார்கள். ஆனால் அந்த வாரம் க்ளெண்டாவின் காது அவளைக் குடைந்த மாதிரி எதுவும் குடைந்ததில்லை.

க்ளெண்டாவுக்கு வயது எழுபத்தொன்று. அது ட்ரூடிக்கு மட்டுமே தெரியும். ஊருக்கு, முக்கியமாக அவளோடு ஜோடி சேர்ந்து நடனமாடும் ரோலண்டுக்கு, அறுபத்திரண்டு. மனைவியை இழந்த மனிதர் அவர். எழுபதிலும் கருகருவென்று முடி. மாதாமாதம் நகர மண்டபத்தில் நடக்கும் நடனத்துக்கு இருவரும் போவார்கள். போன மாதம் மட்டும் போகவில்லை. இந்த மாத நடனம் சனிக்கிழமை.

புதன்கிழமை காலை க்ளெண்டா வந்து தொப்பியைக் கழற்றினாள். வேரெல்லாம் பால்வெள்ளை. கோடையில் டை அடித்ததோடு சரி.

"இந்தத் தலையோட ரோலண்ட் முன்னாடி நிக்கறதுக்கு நான் கடல்ல போய் விழலாம். சட்டுனு அடிச்சு விடுடி."

"இன்னிக்கு முடியாது க்ளெண்டா. சோதனை வச்சுப் பார்த்துட்டுத்தான் அடிக்கணும். காதுக்குப் பின்னாடி ஒரு சொட்டு தடவி ரெண்டு நாள் பொறுக்கணும். புது இன்ஷூரன்ஸ்காரன் கண்டிப்பா சொல்லிட்டான். சோதனை வைக்காம அடிச்சு ஏதாவது ஆச்சுன்னா, அவன் கையை விரிச்சுடுவான். நான் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்."

"இருபது வருஷமா இதே டையைத்தானே இந்தத் தலையில கொட்டறே! நான் என்ன நேத்து வந்தவளா?"

"எனக்கு உங்க மேல சந்தேகமே இல்ல. டை மேலதான்."

"ரொம்பத்தான் பண்றே போ."

க்ளெண்டா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். கொடுத்த டீயைத் தொடக்கூட இல்லை. ட்ரூடிக்கும் உள்ளூர எரிச்சல்தான். எங்கோ நாற்காலியில் சாய்ந்துகொண்டு விதி போடுகிறவன் ஒருநாள் இங்கே வந்து இந்த முகங்களுக்குப் பதில் சொல்லட்டுமே! என்றாலும் பஞ்சில் தொட்டுக் காதுக்குப் பின்னால் தடவி, வெள்ளிக்கிழமை வரச்சொல்லி அனுப்பினாள்.

வெள்ளிக்கிழமை மாலை க்ளெண்டா வந்தபோது காதைத் தொடவே விடவில்லை. ட்ரூடி முடியை ஒதுக்கிப் பார்த்தாள். ஐயோ! தடவிய இடம் செக்கச்செவேலென்று வீங்கி, சின்னச் சின்னக் கொப்புளமாக நீர் கோத்திருந்தது.

"இருபது வருஷமா ஒத்துக்கிட்டது இப்ப ஏன் ஒத்துக்கல?" என்றாள் ட்ரூடி. "சோப்பு மாத்தினீங்களா?"

"இல்லை."

"புதுசா மாத்திரை? முகத்துக்கு ஏதாவது கிரீம்?"

"ஒரு மண்ணும் இல்லைடி. அரிப்பு உயிர் போகுது."

பதில் சொல்லிக்கொண்டே க்ளெண்டா வலது செருப்பு நுனியால் இடது கணுக்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சொட்டு வைத்தது காதில். கால் ஏன் அரிக்க வேண்டும்? ட்ரூடியால் அதை விட முடியுமா என்ன? "காட்டுங்க" என்று கீழே உட்கார்ந்தேவிட்டாள். க்ளெண்டா வேண்டா வெறுப்பாகக் காலுறையை இறக்கினாள்.

கணுக்காலுக்கு மேலே ஒரு கடற்குதிரை. யாரோ வரைந்தது போல, சுருண்ட வால் முதல் நீண்ட மூக்கு வரை சிவந்து தடித்திருந்தது.

க்ளெண்டா பேயறைந்த மாதிரி பார்த்தாள். "இது அழிஞ்சே போயிடுச்சேடி! ரெண்டு வாரத்துல போயிடும்னு அந்தப் பையன் சொன்னான், போயிடுச்சு!"

"எந்தப் பையன்?"

குட்டு உடைந்துவிட்டது. கார்லைலில் மகள் வீட்டுக்குப் போகிறேன் என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டு, போன மாதம் அவள் போனது துருக்கிக்கு. அதுவும் ரோலண்டோடு. கடற்கரையில் ஒருவன் கறுப்பு மருதாணி போட்டுவிட்டானாம், ஆசையாக இருந்ததாம். வேறு நேரமாக இருந்தால் ட்ரூடி கடையைச் சாத்திவிட்டு உட்கார்ந்து கதை கேட்டிருப்பாள்.

"மருதாணி என்னிக்காவது கறுப்பா இருக்குமா க்ளெண்டா? முடிக்குப் போடற டையில இருக்கற சரக்கையே கெட்டியா கலந்து தோல்ல பூசிடறானுங்க. ஒரு தடவை அது தோலைக் கெடுத்துடுச்சுன்னா அப்புறம் டை பட்டாலே உடம்பு பொங்கும். மூச்சுகூட அடைச்சுடும். அன்னிக்கு நீங்க கேட்டபடி தலை முழுக்க அடிச்சிருந்தா..." ட்ரூடி இன்ஷூரன்ஸ்காரனைத் திட்டியதையெல்லாம் மனதுக்குள் வாபஸ் வாங்கிக்கொண்டாள்.

"அப்ப நாளைக்கு?"

"நாளைக்கு மட்டும் இல்ல. இனி ஆயுசுக்கும் டை கிடையாது."

க்ளெண்டா கண்ணாடியில் தன் வெள்ளை வேரைப் பார்த்தாள். கண்ணில் நீர் முட்டியது. ட்ரூடி அவள் தோளில் கை வைத்தாள். அப்போதுதான் அவளுக்கு இன்னொன்று உறைத்தது.

"ரோலண்டும் போட்டுக்கிட்டாரா?"

"ஆமா. தோள்ல ஒரு நங்கூரம். ஏன்?"

"அவர் டை அடிக்கறாரா?"

"சீச்சீ! அது சொந்த முடி. அவங்க அப்பாவுக்குச் சாகறவரைக்கும் கறுப்பாம்."

"க்ளெண்டா, சர்ச் சந்தையில அவர் காது மடல்ல கறையைப் பார்த்தேன். கடையில டப்பா வாங்கித் தானே அடிச்சுக்கறவங்களுக்குத்தான் அப்படி ஒட்டும். டப்பாக்காரனும் சோதனை பண்ணச் சொல்லித்தான் போட்டிருப்பான், யார் பண்றாங்க?"

க்ளெண்டா மறுப்பதற்கு வாயைத் திறந்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "நடனத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் மட்டும் என்னை வீட்டுப் பக்கமே வரவிடமாட்டார்." சொன்னவள் அப்படியே கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இது அதே சாயங்காலம்தான்.

க்ளெண்டா ரோலண்டுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தாள். மூன்றாம் முறை ரோலண்ட் எடுத்தார்.

"கொஞ்சம் வேலையா இருக்கேன் கண்ணு."

"ரோலண்ட், தலையில டை வச்சிருந்தா உடனே கழுவு. அந்த மருதாணி போட்டதுக்கப்புறம் டை ஆகாதாம். உயிருக்கே ஆபத்தாம்."

"டையா! எனக்கா? யார் சொன்னா உனக்கு? இது எங்கப்பா முடி. உனக்கென்ன இன்னிக்கு?"

ட்ரூடி தலையில் அடித்துக்கொண்டாள். அந்த வீறாப்புக்கு வைத்தியமே கிடையாது. அங்கே நிமிஷம் ஓடிக்கொண்டிருக்கிறது. க்ளெண்டா கண்களை மூடிக்கொண்டாள்.

"ரோலண்ட், கேளு. என் தலை முழுக்க வெள்ளை. எனக்கு வயசு எழுபத்தொண்ணு. அறுபத்திரண்டுன்னு சொன்னதெல்லாம் பொய். நாளைக்கு நான் வெள்ளைத் தலையோடதான் வருவேன். பிடிக்கலைன்னா வேற ஜோடி பார்த்துக்கோ. ஆனா உயிரோட இருந்து பார்த்துக்கோ."

இணைப்பு போய்விட்டதோ என்று ட்ரூடி எட்டிப் பார்த்தாள்.

பிறகு குழாய் திறக்கும் ஓசை கேட்டது. சோவென்று தண்ணீர் கொட்டியது. அந்தச் சத்தத்துக்கு நடுவே ரோலண்டின் குரல் வந்தது.

"போனை மட்டும் வச்சுடாதே க்ளெண்டா."