விறகுக்கட்டின் மேல் பவளம்

ஹுன்னஸ்கிரிய மேட்டில் கூடாரம் அடித்திருந்த கண்டி அலுவலகக்காரர்களுக்குச் சமையல் விறகென்று சொல்லித்தான் தோட்டத்திலிருந்து கூலிக்கு வந்த பவளத்தைச் சுமக்க வைத்தார்கள். மேலே வந்து பார்த்தால், காய்ந்த மானாப்புல்லுக்கு நடுவே பெரிய வட்டமாகக் கல் அடுக்கியிருந்தது. பவளம் விறகுக்கட்டை இறக்கி அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

“எந்திரிங்கக்கா,” என்றான் கூடாரங்களை வாடகைக்கு விடும் லோரன்ஸ். “நெருப்பச் சுத்தி உக்காந்து பாடத்தானே இவங்க வந்திருக்காங்க.”

“பாடட்டும். பாட்டுக்கு எதுக்கு நெருப்பு?”

“குளிருதுல்ல?”

“கம்பளி போத்திக்கச் சொல்லு. கீழ வரிசை வீடா எங்க லயம் தெரியுதா? போன வருசம் இதே காத்துல பொறி பறந்து, எங்க வீட்டுப் பின்பக்கம் வரைக்கும் புல்லு எரிஞ்சிச்சு. பச்சக் கொப்ப ஒடிச்சு அடிச்சு அணைச்சது நாங்க. வந்தவங்க பாட்ட முடிச்சிட்டு வேன்ல ஏறிட்டாங்க.”

“அப்ப நாளையிலருந்து வேலைக்கு வராதீங்க.”

“நாளைக்குத்தானே? இன்னைக்கி நான் வேலையிலதான் இருக்கேன்.”

வந்தவர்களில் சமந்தா என்பவள் சிரிப்பை அடக்க முடியாமல் முன்னே வந்தாள்.

“அக்கா, அந்தக் குசினிக் கூடாரத்து அடுப்புலயாவது சமைக்கலாமா? பசிக்குது.”

பவளம் எழவில்லை. இருந்தபடியே மூன்று விறகுகளை உருவி நீட்டினாள்.

“பருப்புக்கு இது போதும்மா. பத்தலன்னா வந்து கேளு, ஒண்ணொண்ணா தாரேன்.”

பிறகு லோரன்ஸிடம் திரும்பினாள்.

“நீ ஏன் தம்பி சும்மா நிக்கிற? அந்தக் கல்லையெல்லாம் எடுத்த எடத்துலயே கொண்டுபோய்ப் போடு.”