சீசரின் சுத்தபோசனம்

மாதா கோயில் பங்குப் பேரவையின் துணைத்தலைவர் தொம்மை, தன் வீட்டு நாயையும் தவக்காலத்துக்குள் கொண்டுவந்திருந்தார்.

"வெள்ளிக்கிழமை இந்த வீட்டுல எந்த உயிரும் கறி தின்னக் கூடாது" என்று அவர் அறிவித்தபோது சீசர் ஆறு மாதக் குட்டி. கறி விலக்குவதைக் கோயில் பேச்சில் சுத்தபோசனம் என்பார்கள். மீனுக்குத் தடையில்லை. ஆகவே மற்ற நாள்களில் கோழிக்கழுத்து தின்ற சீசருக்குத் தவக்கால வெள்ளிகளில் சங்கரா மீன். திருச்சபை நாய்களைப் பற்றி எதுவும் சொல்லாமல் விட்ட இடத்தைத் தொம்மை நிரப்பினார். திண்டிவனம் தாலுகா அலுவலகத்தில் ஆயுளைக் கழித்தவருக்கு இதெல்லாம் ஒரு சுற்றறிக்கை வேலை.

அறிவித்ததோடு அவர் வேலை முடிந்தது. மீனை ஆய்ந்து, வேகவைத்து, சீசருக்கு வைத்ததெல்லாம் மனைவி ஆரோக்கியசெல்வி. போன கார்த்திகை மழையில் காய்ச்சல் என்று படுத்தவள் நாலாம் நாள் போய்விட்டாள். முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் மகன் துபாய்க்குத் திரும்பினான். வீட்டில் மூச்சுவிடுகிற துணையென்று மிஞ்சியது சீசர் ஒன்றுதான். தொம்மை மெஸ் சாப்பாட்டில் காலம் தள்ளினார். பேச்செல்லாம் சீசரோடுதான். பேரவை உறுப்பினர்களைவிட அது ஒழுங்காகக் காதுகொடுத்தது.

தவக்காலத்தின் முதல் வெள்ளியன்று அவரே மார்க்கெட்டுக்குப் போய் சங்கரா வாங்கி வந்தார். அடுப்பு பற்றவைக்குமுன் கைப்பேசியில் ஆராய்ச்சி நடந்தது. நாய்க்கு மீன் நல்லது; உப்பு ஆகாது; மிளகாய் ஆகாது; வெங்காயமும் பூண்டும் விஷம்; பச்சையாகப் போடக் கூடாது. அதற்குக் கீழேயும் ஏதோ இருந்தது. 'மேலும் படிக்க' என்பதை அழுத்தினால் தெரியும். படித்தவரைக்கும் போதுமென்று பங்கின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். கும்பிடு போட்ட கைகள் வரிசையாக வந்து விழுந்தன.

சீசர் இரண்டு மீனையும் முழுசாக விழுங்கியது.

சாயங்காலமே ஓங்கரிக்க ஆரம்பித்தது. காலையில் வாந்தியில் ரத்தம். அடுத்த தெருவிலிருந்து தங்கை லூர்துசெல்வி ஓடிவந்தாள். கோபியின் ஆட்டோவில் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போனார்கள்.

"என்ன சார் கொடுத்தீங்க?" என்று கேட்டார் டாக்டர் கலைப்பிரியா.

"மீன்தாம்மா. உப்பு, காரம், வெங்காயம் எதுவும் சேர்க்கல. முறைப்படி வேகவச்சது."

"முள்ளு எடுத்தீங்களா?"

தொம்மை விழித்தார். "எங்க வீட்டு மீன்ல முள்ளே இருக்காதும்மா."

லூர்துசெல்விக்குப் பொறுக்கவில்லை. "இன்னாண்ணே பேசற? முள்ளு இல்லாத சங்கரா எந்தக் கடல்ல கீது? அண்ணி உக்காந்து, விரலால தடவித் தடவி எடுத்துதான் அதுக்கு வைக்கும். உனக்கும்தான்! நீ டிவியப் பாத்துக்கினு சாப்ட்டு எழுந்து போயிடுவ."

தொம்மை சீசரின் வாயைத் துண்டால் துடைத்தார். ஆரோக்கியசெல்வி எப்போதும் கடைசியில்தான் சாப்பிடுவாள். கையெல்லாம் மீன் நாற்றம், கிட்டே வராதே என்று அவளிடம் ஒருமுறை முகம் சுளித்திருந்தார். அவள் சிரித்துக்கொண்டே சோப்புப் போட்டுக் கழுவப் போனாள்.

"வெந்த முள்ளு ஊசி மாதிரி சார். குடலைக் குத்தியிருக்கும்போல. விழுப்புரத்துல ஆபரேஷன் பண்ணுவாங்க, நான் போன் பண்ணிச் சொல்லிடறேன். உடனே கிளம்புங்க."

நெடுஞ்சாலையில் ஆட்டோ எவ்வளவு வேகமாக ஓட முடியுமோ அவ்வளவு வேகமாக ஓடியது. சீசர் அவர் மடியில் கிடந்தது. வேட்டியெல்லாம் ரத்தமும் எச்சிலும். "இதோ வந்துட்டோம்டா, வந்துட்டோம்டா" என்று அவர் சொல்லிக்கொண்டே வந்தார். நாய் ஒருமுறை அவர் விரல்களை நக்கியது. முகர்ந்து பார்த்தது. தேடிய வாசனை இல்லைபோலும், முகத்தைத் திருப்பிக்கொண்டது.

விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் லூர்துசெல்வி அதன் வயிற்றில் கைவைத்துப் பார்த்தாள். வைத்த கையை எடுக்கவில்லை.

"அண்ணே," என்றாள்.

கோபி கண்ணாடியில் பார்த்துவிட்டு ஆட்டோவை ஓரங்கட்டினான். லாரிகள் அலறிக்கொண்டு போயின.

"ஐயா, வண்டியத் திருப்பிடட்டுங்களா?"

தொம்மை தலையாட்டினார். ஆட்டோ திரும்பி வேகமெடுத்ததும் மடியிலிருந்த தலை சரிந்தது. அவர் அதை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டார்.

"மெதுவாப் போப்பா," என்றார். "குலுங்குது."