கிராட்ஸ் நகரத்துப் பிறை

என் தங்கை முஃபீதாவை எழுப்புவது லேசான காரியம் இல்லை. மேலப்பாளையத்தில் இருந்தவரை நோன்பு மாதத்தில் அந்த வேலையைப் பக்கீர்சா பார்த்துக்கொண்டார். சஹர் நேரத்தில் தப்ஸ் மேளத்தை அடித்துப் பாடிக்கொண்டே தெருத் தெருவாகப் போவார். விடியுமுன் சாப்பிட ஊரே எழும்பும். தப்ஸ் சத்தம் எங்கள் வாசலைத் தாண்டி அடுத்த தெருவுக்குத் திரும்பும்போது இவள் கடைசியாக எழும்புவாள்.

இந்த வருடம் அவள் ஆஸ்திரியாவில் இருந்தாள். நுண்ணுயிரியல் முதுகலை. கிராட்ஸ் என்ற நகரத்தில் ஒரு செமஸ்டர் படிக்கக் கல்லூரி அனுப்பியிருந்தது. உம்மா ஒரே ஒரு நிபந்தனையோடு சம்மதித்தாள்: காரணமில்லாமல் ஒரு நோன்பு விடக் கூடாது. அங்கே தப்ஸ் கிடையாது. செல்போன் அலாரத்தைத் தூக்கத்திலேயே அணைத்துவிடுகிறவள் இவள். அதனால் எழுப்புகிற வேலை எனக்கு வந்தது.

தச்சநல்லூரில் ஒரு ஐஸ் கம்பெனியில் இரவு வேலை பார்க்கிறேன். ஐஸ் பாரைக் கொக்கி போட்டு இழுத்து மீன் லாரிகளில் ஏற்றுவது. என் வேலை முடிகிற காலை நேரம் கிராட்ஸில் சஹர் நேரம். கம்பெனி வாசலில் நின்று போன் போடுவேன். அவள் எடுத்ததும் டிபன் டப்பா மூடியில் சாவியால் தட்டுவேன்.

“ஏளா, எந்தி.”

“எந்திச்சாச்சு.”

“பொய். லைட்டப் போட்டுக் காட்டு.”

“நீ பாட மட்டும் செய்யாத காக்கா. வயித்தக் கலக்குது.” அண்ணனை எங்கள் பக்கம் காக்கா என்போம்.

என்னோடு வேலை பார்க்கும் வன்னியராஜ் பீடியை அணைத்துவிட்டுக் கேட்பான்: “ஏலே நாசரு, வெளிநாட்ட எழுப்பி விடுததுக்குத் தனிச் சம்பளம் உண்டுமோ?”

அவள் ரொட்டியும் முட்டையும் தின்று முடிக்கும்வரை பேசிக்கொண்டு இருப்பேன். பிறகு வீட்டுக்குப் போய்ப் படுப்பேன்.

பகல் தூக்கம் நல்ல தூக்கம் இல்லை. வெளியே பங்குனி வெயில். உடம்புக்குள் ஐஸ் கம்பெனியின் குளிர் இன்னும் போயிருக்காது. மேலே மின்விசிறி சுற்றும். கண்ணை மூடினால் எங்கள் ஊர் கொக்கிரகுளம் ஆற்றுப்பாலத்தின் மேல் டிராம் வரும். அவள் போனில் காட்டிய அதே டிராம். ஜன்னலோர இருக்கைகளில் சாக்குச் சுற்றிய ஐஸ் பார்கள் மனிதர்களைப்போல உட்கார்ந்திருக்கும். ஆறு எதுவென்று தெரியாது. அந்த ஊரில் ஓடுவது மூர் ஆறு என்று அவள் சொல்லியிருக்கிறாள். ஆனால் கனவில் இக்கரையில் மருதமரங்கள் நிற்கும், அக்கரையில் பனி கொட்டும். பனிக்குள் பக்கீர்சா பச்சைத் தலைப்பாகையோடு தப்ஸை அடித்துக்கொண்டே போவார். சத்தம் வராது. ஒரு ஜன்னல்கூடத் திறக்காது. நான் தூக்குவாளியில் நோன்புக் கஞ்சி கொண்டுபோவேன். பாலத்தின் பாதியிலேயே கஞ்சி உறைந்துவிடும். அதைக் கொக்கி போட்டு இழுத்துக்கொண்டு நடப்பேன். அக்கரை வராது.

இரண்டாவது வாரம் அவள் சொன்னாள்.

“காக்கா, நான் வந்திருதேன்.”

“ஏன், என்ன?”

“ஒண்ணுமில்ல. யாரும் ஒண்ணும் செய்யல. அதான். லேப்ல எல்லாரும் ஜெர்மன்ல பேசிச் சிரிக்காங்க. நானும் சிரிக்கேன், எதுக்குன்னு தெரியாம. நோன்பு திறக்கும்போது அடுப்படியில நானும் பேரீச்சம்பழமும்தான். வாயத் தொறந்து பேசுதது உங்கிட்ட மட்டும்தான், அதுவும் பாதித் தூக்கத்துல.”

“படிப்பு?”

“போனாப் போகுது. வாப்பாட்ட நீதான் சொல்லணும். பெருநா முடிஞ்சதும் டிக்கெட் போடச் சொல்லு.”

நான் மூன்றாம் வருடத்தில் கல்லூரியை விட்டுவிட்டு ஒரு பையோடு வீட்டுக்கு வந்தவன். உம்மா சோறு போட்டாள். வாப்பா, பஸ்ஸில் இடம் கிடைத்ததா என்று கேட்டார். ஏன் வந்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. அதன் பிறகு எதையுமே கேட்கவில்லை. வீடு அப்படித்தான். திரும்பி வருகிறவனைப் படுக்க வைத்துப் போர்த்திவிடும். பிறகு எழும்ப ஒரு காரணமும் இருக்காது. அவள் வந்தாலும் இதுதான் நடக்கும். பாதியில் விட்டால் அந்தப் பட்டம் அவளுக்கு இல்லை.

இதை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால், நீ சொல்லுதியா என்பாள். “நோன்பு முடியட்டும். பெருநா அன்னைக்கு வாப்பாட்ட சொல்லுதேன்” என்றேன்.

நாள் போகப் போக அங்கே விடியல் முந்தியது. அவளுடைய பேச்சு குறைந்தது. சில நாள் அவள் மெல்லுகிற சத்தம் மட்டும் கேட்கும்.

எங்கள் ஊரில் பிறை பார்க்க வேண்டிய ஞாயிற்றுக்கிழமை வந்தது. வழக்கம்போல எழுப்பினேன். சாப்பிட்டாள்.

“இன்னைக்குப் பிறை தெரிஞ்சா நாளைக்குப் பெருநா. வாப்பாட்ட சொல்லிருவல்லா?”

“சொல்லுதேன்.”

படுத்தேன். அன்று கனவில் டிராம் பாலத்தின் நடுவில் நின்றுவிட்டது. உள்ளிருந்த ஐஸ் பார்கள் கரைந்து, படி வழியாகத் தண்ணீர் ஆற்றுக்குள் ஒழுகிக்கொண்டிருந்தது. யாரோ மணி அடித்தார்கள். போன்தான்.

திரையில் முஃபீதா. முகம் வெளுத்திருந்தது. பின்னால் இன்னொரு பெண், கையில் தட்டோடு, பளபளவென்று உடுத்திக்கொண்டு நின்றாள்.

“காக்கா, இங்கன இன்னைக்குப் பெருநா!”

“என்னளா சொல்லுத?”

“இவ எஸ்றா. எதுத்த ரூம். துருக்கிக்காரி, இங்கனயே பொறந்தவ. பலகாரம் கொண்டாந்தா. நான் நோன்புன்னேன். இன்னைக்கா நோன்புன்னு கண்ணு முழிக்கா. இங்கன நேத்தே பிறை தெரிஞ்சிட்டாம். நோன்பே நமக்கு ஒரு நாள் முந்தித்தான் ஆரம்பிச்சிருக்காங்க. நீ மேலப்பாளையம் பிறைக்கில்லா இங்க என்னைய எழுப்பியிருக்க!”

அது உண்மைதான். ஊரில் பிறை அறிவித்த இரவுக்கு மறுநாள் காலை நான் தட்டத் தொடங்கியிருந்தேன். கிராட்ஸுக்கும் ஒரு பிறை இருக்கும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை.

“எதுத்த ரூம்ல இருந்துக்கிட்டு இத்தன நாளா அவ ஒண்ணும் கேக்கலயா?”

“குளிருக்குக் கம்பளித் தொப்பி போட்டுக்கிட்டுத் திரியேன்லா. நான் முஸ்லிம்னே அவளுக்குத் தெரியாதாம். காக்கா, பெருநா அன்னைக்கு நோன்பு பிடிக்கது ஹராம். உம்மா அங்க நோன்போட இருக்கா. நான் இங்க திங்கவா? என்ன செய்ய, சொல்லு.”

தூக்கம் முழுதாகக் கலையவில்லை.

“நீ எங்க இருக்க?”

“ரூம்ல.”

“எந்த ஊர்ல?”

“கிராட்ஸ்ல.”

“உன் ஊர்ல பிறை தெரிஞ்சாச்சு. தின்னு.”

எஸ்றாவுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. ஆனாலும் தட்டை முன்னால் நீட்டினாள். பாகு சொட்டுகிற ஏதோ ஒரு பலகாரம். முஃபீதா பிஸ்மி சொல்லி ஒன்றை எடுத்து வாயில் வைத்தாள். அப்போது நெட் இழுத்துப் படம் நின்றுவிட்டது. உப்பிய கன்னமும் நாடியில் பாகுமாக அவள் திரையில் உறைந்து நின்றாள். பின்னால் எஸ்றா சிரித்துக்கொண்டிருந்தாள். தொடர்பு அறுந்தது. அவள் திரும்பக் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை.

அன்று மாலை எங்கள் ஊரிலும் பிறை தெரிந்தது. பெருநாளுக்குக் கம்பெனியில் லீவு. பல நாள் கழித்து இரவில் தூங்கினேன். டிராமும் வரவில்லை, பக்கீர்சாவும் வரவில்லை.

காலையில் காதுக்குள் தகரம் உடைகிற சத்தம். போனில் முஃபீதா. சட்டியில் கரண்டியால் அடித்துக்கொண்டிருந்தாள்.

“காக்கா, எந்தி. தொழுகைக்கு நேரமாச்சு.”

“அங்க இன்னும் விடியலயேளா.”

“அலாரம் வச்சேன்.”

“நீயா?”

“ஆமா, நான்தான். எஸ்றா வீட்டுக்குப் போயிருந்தேன். ஒரு வீடு கொள்ளாத கூட்டம் காக்கா. ஒரு பேச்சும் வெளங்கல. ஆனா தட்டக் காலியா வைக்க விட மாட்டேங்காங்க.” சத்தத்தைக் குறைத்தாள். “வாப்பாட்ட சொல்லிட்டியா?”

“இன்னைக்குத்தான சொல்லச் சொன்ன?”

வாசலில் வாப்பா தொப்பியைச் சரிசெய்துகொண்டு எனக்காக நின்றார். அத்தர் வாசனை உள்ளே வரை வந்தது.

“மொத நோன்பு விட்டுப்போச்சுல்லா, அது களா இருக்கு” என்றாள். விட்ட நோன்பைப் பிறகு பிடித்து ஈடுகட்டுவதைக் களா என்போம். “அத இங்கனயே பிடிச்சிருதேன்.”

“எப்ப?”

“பைய. ஜூன்ல, பரீட்சை முடியட்டும்.”

“ஜூன்ல அங்கன ராத்திரி ஒம்பது மணி வரைக்கும் பொழுது அடையாதாம்லா?”

“அடையாண்டாம். நீ எழுப்பவும் வேண்டாம்.”

“யாரு, முஃபீதாவா?” என்று வாப்பா கேட்டார்.

போனை அவரிடம் கொடுத்துவிட்டு முகம் கழுவப் போனேன்.