ஜோன்சன் அண்ணையின் பதினான்கு விதிகள்

அனோஜினி மொன்றியலுக்கு வந்த ஏழாவது மாதத்தில் ஜோன்சன் அண்ணை அவளுக்கு மெட்டல் டிடெக்டர் பிடிக்கப் பழக்கினார்.

அவர் அவளுடைய கணவன் தனோஜனோடு புவாண்ட்-கிளேரில் ஒரே வேர்ஹவுஸில் வேலை செய்பவர். லீவு நாள் வந்தால் டிடெக்டரோடு புதையல் தேடப் போய்விடுவார். மூன்று வருஷத்தில் அகப்பட்டது கொஞ்சம் பழைய செம்புச் சத நாணயங்கள், ஒரு கரண்டி, ஒரு பித்தளைப் பொத்தான். ஆனால் அந்தப் பொழுதுபோக்கின் ஒழுங்குமுறையில் அவரை மிஞ்ச ஆளில்லை. புதிதாக வருகிறவர்களுக்கென்று தமிழில் பதினான்கு விதிகள் எழுதி, லமினேட்டும் செய்து வைத்திருந்தார். புதிதாக ஒருவரும்தான் வரவில்லை.

"வீட்டுக்குள்ளையே இருந்தால் அந்தப் பிள்ளைக்கு விசர் பிடிக்கும். சனிக்கிழமை எங்களோடை விடும். இல்-பிசாரிலை ஒரு மதாமின்ரை காணிக்குப் போறம்" என்று தனோஜனிடம் சொன்னார். தனோஜன் சிரிப்பை அடக்கிக்கொண்டு மனைவியைப் பார்த்தான். அவளும் ஏனோ ஓம் என்றுவிட்டாள்.

லாசாலில் கார் கிளம்பியதும் விதிகளும் கிளம்பின. முன் சீட்டில் இருந்த அவருடைய மனைவி யோசெப்பின் கண்ணை மூடிக்கொண்டாள். மடியில் மட்டன் ரோல்ஸ் பெட்டி.

"முதலாவது, காணிக்காரரைக் கேளாமல் காலே வைக்கப்படாது. ரெண்டாவது, தோண்டின கிடங்கை மூடிப்போட்டுத்தான் எழும்ப வேணும். ஆள் வந்துபோனதே தெரியப்படாது. மூண்டாவது..."

"அண்ணை, நான் ஊரிலை இதிலை கொஞ்சம்..."

"கேள்வியளைப் பேந்து கேளும், பிள்ளை. மூண்டாவது..."

யுத்தம் முடிந்த முகமாலையில் ஆறு வருஷம் முழங்காலில் நின்று மண்ணுக்குள்ளிருந்து மிதிவெடி எடுத்தவள் அனோஜினி. தன் கையால் மட்டும் இருநூற்றுப் பதினேழு. அங்கே கருவி கீச்சிடக்கூடாது என்று சாமியைக் கும்பிட்டுவிட்டு வேலைக்கு இறங்குவார்கள். இங்கே கீச்சிட வேண்டும் என்று சாப்பாடு கட்டிக்கொண்டு போகிறார்கள்.

மதாம் லூசியின் வீட்டுக்குப் பின்னால் பெரிய புல்வெளி. நாலைந்து அப்பிள் மரங்கள், மூலையில் ஒரு பழைய கொட்டில். மதிலோ வேலியோ இல்லை, ஓரமாக ஒரு வரிசைப் பூச்செடிகள் மட்டும். படியில் கன்றுக்குட்டி அளவில் ஒரு நாய் படுத்திருந்தது. மதாம் நாயையும் பூச்செடிகளையும் மாறி மாறிக் காட்டி பிரெஞ்சில் நெடுநேரம் ஏதோ விளக்கினாள். ஜோன்சன் அண்ணை "வீ, வீ, மெர்சி" என்று தலையாட்டினார். மதாம் கடைக்குப் போனதும், "பூக்கண்டுகளை மிதிக்க வேண்டாமாம்" என்று மொழிபெயர்த்தார்.

அனோஜினிக்குக் கிடைத்தது அவருடைய பழைய டிடெக்டரும் கொட்டிலோரமும். அவள் முதலில் ஒரு சதத்தை நிலத்தில் போட்டுக் கருவியைச் சோதித்தாள். ஒரு மீற்றர் அகலத்துக்குத் தடி வைத்து எல்லை பிடித்தாள். பிறகு முழங்காலில் இறங்கினாள்.

"இது கோயில் இல்லைப் பிள்ளை, நிண்டுகொண்டே ஆட்டும்!"

ஒரு மணித்தியாலத்தில் அவள் இரண்டு மீற்றர் முன்னேறியிருந்தாள். பக்கத்தில் பதினொரு ஆணியும் மூன்று போத்தல் மூடியும் வரிசையாகக் கிடந்தன. ஜோன்சன் அண்ணை பாதிக் காணியை அளந்துவிட்டிருந்தார்.

"உப்பிடிப் போனால் ஸ்னோ கொட்டத் தொடங்கிடும்" என்றார்.

"அவள் தன்ரை பாட்டிலை செய்யட்டும். உங்கடை வேலையைப் பாருங்கோ" என்றாள் மடக்குக் கதிரையிலிருந்த யோசெப்பின்.

அப்போதுதான் அவருடைய கருவி அலறியது. ஒரு அடி தள்ளி வைத்தாலும் அலறியது. பத்தடி தள்ளியும் அலறியது. பூச்செடி வரிசையோடு நேராகப் போனது சத்தம்.

"சங்கிலி! பழைய கப்பல் சங்கிலி!"

அனோஜினி வந்து, சத்தத்தின் வழியே கொஞ்சத் தூரம் நடந்து பார்த்தாள். "அண்ணை, இது வயர். ஒரே ஆழத்திலை, ஒரே நேராய்ப் போகுது. தொடாதேங்கோ. எங்கை தொடங்குது எண்டு முதலிலை பாப்பம்."

"எட்டாவது விதி என்ன? அனுபவம் உள்ளவை சொல்லுறதைக் கேக்க வேணும்."

அவர் மண்வெட்டியால் மண்ணைக் கிளறினார். மெல்லிய பச்சை வயர் ஒன்று எட்டிப் பார்த்தது.

"கை வையாதேங்கோ!"

அந்தக் குரல் அனோஜினிக்கே தெரியாமல் வந்தது. ஜோன்சன் அண்ணை இழுத்த கணத்தில் அவள் பின்னால் பாய்ந்து, யோசெப்பினையும் கதிரையோடு புல்லில் சாய்த்துவிட்டாள். வயர் அறுந்தது. ஒன்றும் வெடிக்கவில்லை. வீட்டுக்குள் எங்கோ ஒரு மணி மட்டும் கிணுகிணுத்தது.

"பயந்திட்டீரோ?" அறுந்த வயரோடு ஜோன்சன் அண்ணை சிரித்தார்.

படியிலிருந்த நாய் எழுந்தது. பூச்செடி வரைக்கும் வந்து நின்றது. கழுத்துப் பட்டி வழக்கம்போல் கரண்டில் சுண்டும் என்று காத்திருந்தது. சுண்டவில்லை. ஒரு காலை வெளியே வைத்துப் பார்த்தது. மற்றக் காலையும் வைத்தது. பிறகு யோசெப்பினின் பெட்டியிலிருந்து சிதறிய ரோல்ஸில் இரண்டை விழுங்கிவிட்டு றோட்டில் ஓடியது. வேலி இல்லாத வீட்டுக்கு அந்த வயர்தான் வேலி என்று அப்போதுதான் மூவருக்கும் புரிந்தது.

ஜோன்சன் அண்ணை முழங்காலில் விழுந்து அவசரமாகக் கிடங்கை மூடினார். "ஆள் வந்துபோனதே தெரியப்படாது" என்றார்.

"அண்ணை, நாய் ஓடிட்டுது!"

அனோஜினி மிச்ச ரோல்ஸைப் பொறுக்கிக்கொண்டு ஓடினாள். ஆறு கடந்து லாவால் போகும் பாதைப்படகுக்குக் காத்திருந்த கார்களின் நடுவே நாய் ஒழுங்காக வரிசையில் உட்கார்ந்திருந்தது. மூன்று ரோல்ஸ் செலவில் திரும்பி வந்தது.

அவள் வரும்போது மதாமும் வந்துவிட்டாள். டிடெக்டர் இரண்டும் அதற்குள் கார் டிக்கிக்குப் போயிருந்தன. அனோஜினி வகுப்பில் படித்த பிரெஞ்சைத் திரட்டி, நாய், வயர், வெட்டு, மன்னிப்பு என்று ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள். வெட்டியது யார் என்று மதாம் கேட்டாள். ஜோன்சன் அண்ணை அப்பிள் மரத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"நாங்கள்" என்றாள் அனோஜினி.

மதாம் கொட்டிலோரம் போனாள். புல் கலையாமல் கிடந்த அந்த இரண்டு மீற்றரையும், வரிசை வைத்த துருப்பிடித்த ஆணிகளையும் பார்த்தாள். செருப்பைக் கழற்றி, தன் உள்ளங்காலில் இருந்த பழைய ஆணி வடு ஒன்றைக் காட்டினாள். அனோஜினியைச் சுட்டி, முழுப் புல்வெளியையும் சுட்டி, "சாம்டி" என்றாள். சனிக்கிழமை. பிறகு ஜோன்சன் அண்ணையைச் சுட்டி, விரலை இப்படியும் அப்படியும் ஆட்டினாள்.

திரும்பும் வழியில் யோசெப்பின்தான் கேட்டாள். "எங்கை பழகினனீர், பிள்ளை?"

அனோஜினி சொன்னாள். முகமாலை, ஆறு வருஷம், இருநூற்றுப் பதினேழு. யோசெப்பின் சிலுவை போட்டுக்கொண்டாள். பாலம் தாண்டியதும் ஜோன்சன் அண்ணை கண்ணாடியில் அவளைப் பார்த்தார்.

"அது சரி" என்றார். "எடுத்ததை நீங்களே வைச்சிருக்கலாமோ?"

"இல்லை அண்ணை. பின்னேரம் கொண்டுபோய் வெடிக்க வைப்பினம்."

"எல்லாத்தையுமோ?"

"ஓம், எல்லாத்தையும்."

"அநியாயம்" என்றார் ஜோன்சன் அண்ணை, மனம் வருந்தி.